ரேடார் அலையால் மார்பகக் கட்டியைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எக்ஸ்ரே வேண்டாம், அழுத்த வேண்டாம், வலி இல்லை, ரேடார் போதும்" என்கிற மாதிரிச் செய்திகள் சில வருடங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கின்றன. படித்தவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

விமானத்தைக் கண்டுபிடிக்கிற அதே ரேடாரா?

அடிப்படை அதேதான். ரேடியோ அலையை அனுப்புகிறோம். வழியில் மாறுபட்ட பொருள் ஏதாவது இருந்தால் அலையில் கொஞ்சம் திரும்பி வருகிறது. எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். 1904-இல் கிறிஸ்டியான் ஹுல்ஸ்மேயர் என்ற ஜெர்மானியர், கண்ணுக்குத் தெரியாத கப்பலை இப்படி எதிரொலி வைத்து உணர்ந்து காட்டினார். 1935-இல் பிரிட்டனில் ராபர்ட் வாட்சன்-வாட் குழு விமானத்தை வைத்துச் செய்து காட்டியது.

மாறியது அளவுதான். விமான ரேடார் நூறு கிலோமீட்டர் தள்ளிப் பார்க்கும். இது பத்து சென்டிமீட்டருக்குள் பார்க்க வேண்டும். அங்கே பெரிய தட்டு சுழலும். இங்கே விரல்நுனி அளவு ஆன்டெனாக்கள் ஒரு கிண்ணத்தின் உள்பக்கம் வரிசையாகப் பதித்திருக்கும். பயன்படும் அலை பெரும்பாலும் 1 முதல் 10 கிகாஹெர்ட்ஸுக்குள். வைஃபை, செல்போன் எல்லாம் புழங்குகிற அதே பேட்டைதான்.

கட்டியும் சதைதானே, ரேடாருக்கு எப்படித் தனியாகத் தெரியும்?

தண்ணீரை வைத்து. புற்றுநோய்க் கட்டியில் ரத்தக்குழாய்களும் நீரும் அதிகம். கொழுப்பில் நீர் மிகக் குறைவு. ரேடியோ அலைக்கு நீர் என்பது பெரிய சங்கதி. ஒரு பொருள் அலையின் வேகத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு மின்காப்பு மாறிலி என்று ஓர் எண் உண்டு. காற்றுக்கு 1, தண்ணீருக்குச் சுமார் 80. கிகாஹெர்ட்ஸ் அலைகளில் மார்பகக் கொழுப்புக்குச் சுமார் 5, கட்டிக்குச் சுமார் 50. 5 இருந்த இடத்தில் திடீரென்று 50 வந்தால் அந்த எல்லையில் அலை மோதித் திரும்பும். அலையின் ஆற்றலில் கால்வாசிக்கு மேல் திரும்பிவிடும் என்று கணக்குச் சொல்கிறது.

எக்ஸ்ரே பார்ப்பது வேறு: எது அடர்த்தி, எது லேசு என்பதை. அதற்குக் கட்டிக்கும் சுற்றுத் திசுவுக்கும் உள்ள வித்தியாசம் சில சதவீதம்தான். 5-க்கும் 50-க்கும் உள்ள பத்து மடங்கு வித்தியாசத்தைப் பார்த்துத்தான் 1990-களில் பொறியாளர்கள் துள்ளினார்கள். அந்தத் துள்ளலுக்கு 2007-இல் ஒரு அடி விழுந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு அளவீடு எப்படி நடக்கிறது என்று காட்ட முடியுமா?

சரி, எண்களோடு பார்ப்போம். மார்பகத் திசுவின் சராசரி மின்காப்பு மாறிலி 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் அதன் வர்க்கமூலத்தால் குறையும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. வெற்றிடத்தில் ஒளியும் ரேடியோவும் ஒரு நானோவிநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். இங்கே 10 சென்டிமீட்டர்.

ஆன்டெனாவிலிருந்து 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கட்டி. போக 3, வர 3, மொத்தம் 6 சென்டிமீட்டர். எதிரொலி 0.6 நானோவிநாடியில் வந்துவிடும். கட்டியிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு ஆன்டெனா கேட்டுக்கொண்டிருந்தால், அதற்கு 3 கூட்டல் 4, 0.7 நானோவிநாடி.

0.7 நானோவிநாடி என்று மட்டும் தெரிந்தால் கட்டி எங்கே என்று தெரியாது. "மொத்தப் பாதை 7 சென்டிமீட்டர்" என்கிற நிபந்தனைக்குப் பொருந்தும் புள்ளிகள் ஒரு முட்டை ஓடு மாதிரிப் பரவிக் கிடக்கும். அதில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் பல ஆன்டெனாக்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவான 'மரியா' கருவியின் ஒரு வடிவத்தில் 60 ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றாக ஒலிபரப்ப, மற்றவை கேட்கும். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1770 ஜோடி. 1770 முட்டை ஓடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம்தான் சந்தேகத்துக்குரிய இடம்.

கணினி இதைத் தலைகீழாகச் செய்கிறது. மார்பகத்தைச் சின்னச்சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திடமும் ஒரே கேள்வி: "கட்டி உன்னிடம் இருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரொலி எத்தனை மணிக்கு வந்திருக்கும்?" அந்தந்த நேரத்தில் பதிவான மதிப்புகளை எடுத்துக் கூட்டிப் பார்க்கும். நிஜமாகவே அங்கே கட்டி இருந்தால் எல்லாம் ஒரே தாளத்தில் கைதட்டிய மாதிரி கூடும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சுழியை ஒட்டி நிற்கும். 'தாமதித்துக் கூட்டு' என்று இந்த முறைக்குப் பெயர். துறையிலேயே பழைய முறை, இன்றும் எல்லோரும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. அலையை ஒரு குட்டித் துடிப்பாக அனுப்புகிற மாதிரிதான் இதுவரை சொன்னேன், ஆனால் நிறையக் கருவிகள் நிஜத்தில் துடிப்பை அனுப்புவதே இல்லை. ஒரு அதிர்வெண், அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது என்று படிப்படியாக அனுப்பிவிட்டு, துடிப்பாக அனுப்பியிருந்தால் என்ன வந்திருக்குமோ அதைக் கணக்கில் பெறுகின்றன. பலன் ஒன்றுதான், அளவீட்டில் கலக்கும் மின் இரைச்சல் குறைவு.

தோல் குறுக்கே இருக்கிறதே, அலை உள்ளே போகுமா?

இந்தத் துறையில் தூக்கம் கெடுத்த கேள்வி இதுதான். கட்டியைவிடத் தோல்தான் பெரிய தலைவலி.

தோலின் மின்காப்பு மாறிலி 36-ஐ ஒட்டி இருக்கும். காற்றிலிருந்து வரும் அலை தோலில் மோதியதும் தோராயமாகப் பாதி ஆற்றல் அங்கேயே திரும்பிவிடும். அந்தப் பேரொலி அடங்குவதற்குள் உள்ளே இருக்கும் கட்டியின் முணுமுணுப்பு வந்துபோய்விடும். ஆன்டெனாவுக்கும் தோலுக்கும் நடுவே மாறிலி 10-ஐ ஒட்டிய ஒரு திரவத்தையோ களிம்பையோ வைத்தால் திரும்புவது பத்தில் ஒரு பங்காகக் குறையும். அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது ஜெல் தடவுவதும் இதே காரணத்துக்காகத்தான். அங்கே ஒலி, இங்கே ரேடியோ.

மிச்சத்துக்கு ஒரு தந்திரம். கிண்ணத்தைச் சில டிகிரி திருப்பி இன்னொரு முறை அளப்பார்கள். தோல் எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் இருப்பதால் அதன் எதிரொலி அவ்வளவாக மாறாது. ஓரமாக இருக்கும் கட்டியின் எதிரொலி இடம் மாறும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மாறாதது போய், மாறியது நிற்கும். மார்பகம் கச்சிதமான உருண்டை இல்லை என்பதால் இந்தக் கழித்தலும் கச்சிதமாக வராது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். பிரிஸ்டல் குழுவில் இருந்த ரால்ஃப் பெஞ்சமின் முன்பு ராணுவ ரேடாரில் உழைத்தவர். அவர்கள் கையில் இருந்த வேலைகளில் ஒன்று கண்ணிவெடி தேடுவது. பிளாஸ்டிக் கண்ணிவெடியை உலோகங்காட்டியால் பிடிப்பது கடினம். மண்ணுக்குள் ரேடார் அனுப்ப வேண்டும். அனுப்பினால் மண்ணின் மேற்பரப்பு பெரிதாகக் கத்தும், சில சென்டிமீட்டர் கீழே இருக்கும் வெடி மெல்ல முனகும். தரை இருந்த இடத்தில் தோலையும், வெடி இருந்த இடத்தில் கட்டியையும் வைத்துப் பாருங்கள். கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்தக் கணக்கைத்தான் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள்.

எக்ஸ்ரேவைவிட இது பாதுகாப்பானதா?

கதிர்வீச்சை மட்டும் கேட்டால், ஆம். தயங்காமல் சொல்லலாம்.

எக்ஸ்ரே அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும். அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் தேவை. மேமோகிராமில், அதாவது மார்பகத்துக்கான எக்ஸ்ரே படத்தில், வரும் எக்ஸ்ரேவின் ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 20,000 எலக்ட்ரான்வோல்ட் வைத்திருக்கும். 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் துகளிடம் இருப்பது 0.000025 எலக்ட்ரான்வோல்ட். 80 கோடி மடங்கு வித்தியாசம். எத்தனை துகள்களை அனுப்பினாலும் தனித்தனியாக அவற்றால் டிஎன்ஏவை அறுக்க முடியாது. கும்பலாகச் சேர்ந்து சூடாக்கலாம், அவ்வளவுதான்.

அதற்காக மேமோகிராமைப் பூச்சாண்டியாக்க வேண்டாம். இரண்டு மார்பகங்களுக்கும் சேர்த்து அதன் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட். சும்மா பூமியில் வாழ்வதாலேயே ஏழு வாரங்களில் நாம் வாங்கிக்கொள்கிற அளவு. "கதிர்வீச்சுக்குப் பயந்து மேமோகிராம் எடுக்கவில்லை" என்று யாராவது சொன்னால், அவர் சின்ன ஆபத்துக்குப் பயந்து பெரிய ஆபத்தை வீட்டுக்குள் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 6,70,000 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் கதிர்வீச்சு இல்லாததால் என்ன பெரிய லாபம்?

திரும்பத் திரும்ப எடுக்கலாம். என்னைக் கேட்டால் ரேடாரின் நிஜமான பலம் இதுதான். செய்திகளில் இது வருவதே அபூர்வம்.

ஒரே ஒரு தடவை எடுப்பதற்கு 0.4 மில்லிசீவர்ட் ஒரு பொருட்டல்ல. ஆனால் வாராவாரம் பார்க்க வேண்டும் என்றால்? அறுவைக்கு முன் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று மாதக்கணக்கில் காத்திராமல் முதல் சில வாரங்களிலேயே தெரிந்தால் மருந்தை மாற்றலாம். வாராவாரம் எக்ஸ்ரே எடுப்பது சரிவராது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் நேரமும் செலவும் கைகொடுக்காது, ஒவ்வொரு முறையும் ஊசிவழி மருந்து வேறு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பால் மீனி, கீத் பால்சன் குழு மைக்ரோவேவ் படங்களை இந்த வேலைக்குத்தான் சோதித்துப் பார்த்து 2013-இல் முதல் அனுபவங்களை வெளியிட்டது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. முதல்முறை பார்க்கும் மார்பகத்தில் "எது கட்டி?" என்று கேட்பது கடினமான கேள்வி. அதே பெண்ணின் போன வாரப் படத்தைப் பக்கத்தில் வைத்து "எது மாறியிருக்கிறது?" என்று கேட்பது எளிது. ஆனால் அவரைப் போன வாரம் படுத்த மாதிரியே அப்படியே படுக்க வைக்க வேண்டும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எல்லாமே மாறியதாகத் தோன்றும். மாதவிடாய்ச் சுழற்சியில் திசுவின் நீர் அளவே ஏறி இறங்கும். இதையெல்லாம் கழித்துத்தான் மாற்றத்தைப் பார்க்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி உள்ளே வெந்துவிடாதா?

இல்லை. அடுப்பின் வெளியீடு சுமார் 800 வாட். இந்தக் கருவிகளில் ஓர் ஆன்டெனா அனுப்புவது பெரும்பாலும் ஒரு மில்லிவாட்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான். 8 லட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். உடம்பு வெதுவெதுப்பைக்கூட உணராது.

மைக்ரோவேவால் கட்டியை வேண்டுமென்றே பொசுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. கல்லீரல் கட்டிகளுக்கு அதிகம் செய்கிறார்கள். அது வேறு கருவி, பத்துக்கணக்கான வாட், ஊசி மாதிரி ஆன்டெனாவைக் கட்டிக்குள்ளேயே குத்துவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செல்போன் அலை புற்றுநோய் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னதாமே?

அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் ரேடியோ அலைகளை '2பி' பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலின் பொருள், "வாய்ப்பு இருக்கலாம், சான்று போதாது". எக்ஸ்ரே இருப்பது முதல் பட்டியலில், "உறுதி" என்ற பிரிவில். 2பி கவலையே கூட வருடக்கணக்கில் தலையோடு ஒட்டிவைத்துப் பேசுவதைப் பற்றியது. செல்போன் உச்சத்தில் இந்தக் கருவியைவிட நூறு மடங்குக்கு மேல் சக்தியை வெளிவிடும். ஸ்கேனுக்காகக் கவலைப்படுகிறவர், ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து போன் பேசினதற்கு முதலில் கவலைப்பட வேண்டும்.

இவ்வளவு நல்லது என்றால் மேமோகிராமை ஏன் இன்னும் தூக்கி எறியவில்லை?

இப்போது அந்த 2007 கதை. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகமும் கனடாவின் கல்கரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, அறுவையில் எடுத்த மார்பகத் திசுக்களை அந்தச் சூட்டோடு அளந்து பார்த்தன. அதற்கு முன் யாரும் இவ்வளவு விரிவாக அளந்ததில்லை. முடிவில் பாதி நல்ல செய்தி. கொழுப்புக்கும் கட்டிக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஆனால் மார்பகத்தில் கொழுப்பு மட்டுமா இருக்கிறது? பால்சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் இருக்கின்றன. அவற்றிலும் நீர் நிறைய. அந்தத் திசுவுக்கும் புற்றுக்கும் வித்தியாசம் வெறும் 10 சதவீதத்தை ஒட்டித்தான்.

இதை எதிரொலிக் கணக்கில் போட்டால் வலி புரியும். கொழுப்பு நடுவே கட்டி என்றால் ஆற்றலில் கால்வாசிக்கு மேல் திரும்புகிறது என்று பார்த்தோம். மாறிலி 45 உள்ள சுரப்பித் திசு நடுவே 50 உள்ள கட்டி என்றால் திரும்புவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் நீர் நிறைந்த திசுவைத் தாண்டிப் போய், தாண்டி வர வேண்டும், வழியில் தேய்ந்துவிடும்.

சுருக்கமாக, ரேடார் பார்ப்பது புற்றுநோயை இல்லை, தண்ணீரை. நீர்க்கட்டியிலும் தண்ணீர், சுரப்பியிலும் தண்ணீர். கோபம் வருகிற மாதிரி இருக்கிறது இல்லையா? மேமோகிராம் தடுமாறுவது சுரப்பித் திசு அடர்ந்த மார்பகங்களில்தான். அங்கேதான் மாற்று வழி வேண்டும். ரேடாருக்கும் அங்கேதான் கஷ்டம். 2007-க்குப் பிறகு வந்த வேலையில் பெரும்பகுதி இந்த முடிச்சை அவிழ்க்கத்தான்: இன்னும் நுட்பமான கணக்குமுறைகள், அலை திரும்புவதை மட்டும் பார்க்காமல் உள்ளே ஊடுருவி மறுபக்கம் வருவதையும் வைத்து ஒவ்வொரு கட்டத்தின் மாறிலியையே கணக்கிடும் முறை, கட்டியைத் தனியாக எடுத்துக்காட்ட உடலுக்குள் செலுத்தும் மாறுபாட்டு மருந்துகள் என்று பல வழிகள்.

அடர்த்தியான மார்பகம் என்றால் என்ன? கையால் தொட்டால் தெரியுமா?

தெரியாது. கெட்டியாகத் தோன்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எக்ஸ்ரேயில் சுரப்பியும் நாரும் வெள்ளையாக விழும், கொழுப்பு கறுப்பாக விழும். கட்டியும் வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடுவதுதான் சிக்கல். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த வகைதான், நோயல்ல. அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து மேமோகிராம் அறிக்கையில் அடர்த்தியையும் எழுதித் தர வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். மரியா கருவியின் ஒரு மாதிரியை, மார்பகத்தில் ஏதோ அறிகுறியோடு மருத்துவமனைக்கு வந்த 86 பேரிடம் வைத்துப் பார்த்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். 74 சதவீதத்துக்கு மேல் சரியான இடத்தைக் காட்டியது. அடர்த்தியான மார்பகங்களிலும் அந்த அளவு விழவில்லை என்றார்கள். மேலே சொன்ன பயத்துக்கு இது ஆறுதலான பதில்.

ஆனால் இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். இவர்கள் ஏற்கெனவே அறிகுறி இருந்தவர்கள். "எங்கே இருக்கிறது?" என்பதற்கு விடை தேடினார்கள். ஒன்றுமே இல்லாத ஆயிரம் பேரில் நாலைந்து பேரைக் கண்டுபிடித்து, மிச்சப் பேரைத் தேவையில்லாமல் பயமுறுத்தாமல் இருப்பது வேறு பரீட்சை. நால்வரில் ஒருவரைத் தவறவிடும் கருவியை நம்பி "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று சொல்லிவிட முடியாது. தவறவிடுவதும் ஆபத்துதான், அதுவும் பாதுகாப்புக் கணக்கில் வர வேண்டும்.

வேறு யார் யார் இதைச் செய்கிறார்கள்?

1998-இல் சூசன் ஹேக்னஸ், ஆலன் டேஃப்லோவ், ஜாக் பிரிட்ஜஸ் மூவரும் கணினியில் மாதிரி செய்து "ரேடார் முறையில் மார்பகக் கட்டியைப் பிடிக்கலாம்" என்று எழுதியதிலிருந்துதான் இந்தக் கிளை விறுவிறுப்பானது. கல்கரியில் எலீஸ் ஃபியர், மாண்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மிலிகா போபோவிச் குழுக்கள் நோயாளிகளிடமும் தன்னார்வலர்களிடமும் அளந்திருக்கின்றன. பிரான்சில் உருவான 'வேவிலியா' அயர்லாந்தின் கால்வேயில் சோதிக்கப்பட்டது. இத்தாலியின் பெருஜியாவில் உருவான 'மேமோவேவ்' திரவமே இல்லாமல் காற்றிலேயே, இரண்டே ஆன்டெனாக்களைச் சுழற்றி அளக்கிறது. ஜப்பானின் ஹிரோஷிமாவில் தகமாரோ கிக்காவா குழு, சிலிக்கான் சில்லுகளை வைத்துக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருக்கிக் காட்டியது.

கருவி சரியாகப் பார்க்கிறதா என்று ஆள் இல்லாமல் எப்படிச் சோதிப்பார்கள்?

போலி மார்பகம் செய்வார்கள். இதற்கு ஆய்வகத்தில் புழங்கும் ஒரு செய்முறையைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஜெலட்டின், தண்ணீர், மண்ணெண்ணெய், குசும்பா எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம். எண்ணெயைக் கூட்டினால் கலவை கொழுப்பு மாதிரி நடந்துகொள்ளும். குறைத்தால் கட்டி மாதிரி. எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடாமல் பிடித்துவைப்பது அந்தக் கழுவும் திரவம். எண்ணெய் மிகுந்த பாகை அச்சில் ஊற்றி, பட்டாணி அளவில் எண்ணெய் குறைந்த துண்டை நடுவே பதித்து உறையவைத்தால், ஆயிரம் தடவை அளந்தாலும் அலுக்காத நோயாளி தயார். என்ன, மெல்ல மெல்ல நீர் ஆவியாகி மாறிலி மாறிக்கொண்டே போகும். மூடிவைக்க மறந்தால் போன மாதத்து "கொழுப்பு" இந்த மாதம் வேறொன்றாகியிருக்கும்.

நோயாளிக்கு எப்படி இருக்கும்?

பெரும்பாலான கருவிகளில் குப்புறப் படுக்க வேண்டும். மேசையில் ஒரு துளை, அதற்குக் கீழே கிண்ணம். மார்பகம் இயல்பாகத் தொங்கிக் கிண்ணத்துக்குள் இருக்கும். மேமோகிராமில் போல இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்துவது கிடையாது. திரவம் இருந்தால் கொஞ்சம் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். அசையாமல் படுக்கச் சொல்வார்கள், மூச்சு விடுவதே போதும் படத்தைக் கலைக்க. வேறொன்றுமில்லை.

படம் எக்ஸ்ரே மாதிரி தெளிவாக இருக்குமா?

இருக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் அகலமான அலைக்கற்றையை வைத்தால், நாம் மேலே பார்த்த வேகத்தில், ஒன்றின் பின் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க அவை ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். படத்தில் தெரிவது ஒரு வண்ணத் திட்டு: "இந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது." முள்முள்ளான விளிம்பு, உருண்டையான விளிம்பு என்று டாக்டர் ஆராய்கிற நுணுக்கமெல்லாம் இதில் கிடைக்காது.

முக்கியமாக, ஆரம்பப் புற்றின் அடையாளமாக மேமோகிராமில் தெரியும் உப்புத்தூள் மாதிரியான சுண்ணாம்புப் புள்ளிகள் ரேடாருக்குத் தெரியாது. அவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே ரேடார் மேமோகிராமுக்குத் துணையாக வரும், மாற்றாக வராது என்பது என் கணிப்பு.

மார்பகம் மட்டும்தானா? நுரையீரல், வயிறு?

மார்பகம் ரேடாருக்கு வாய்த்த இடம். உடலுக்கு வெளியே நீட்டியிருக்கிறது, சுற்றிலும் ஆன்டெனா வைக்கலாம், நடுவே எலும்பு இல்லை, கொழுப்பு அலையை அதிகம் விழுங்காது. தசையில் 6 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கைத் தொலைத்துவிடும். வயிற்றுக்குள் ஆழமாக இருக்கும் கட்டியை இப்படிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

தலையில் வேறு விதமாக முயல்கிறார்கள். அதிர்வெண்ணைக் குறைத்தால் அலை ஆழமாகப் போகும், படம் மங்கும். பக்கவாதம் ரத்தக் கசிவாலா அடைப்பாலா என்று ஆம்புலன்ஸிலேயே சொல்ல முடிந்தால் போதும், அழகான படம் வேண்டாம். ஸ்வீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்கான கருவிகளைச் சோதித்து வருகிறார்கள். தோல் புற்றுக்கு நேர்மாறு: அதிர்வெண்ணை மிக உயர்த்தி, மேலோட்டமாக ஆனால் கூர்மையாகப் பார்ப்பது.

விமான நிலைய ஸ்கேனரில் நின்றால் கட்டி தெரிந்துவிடுமா?

தெரியாது. அந்தச் சாவடிகள் 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகின்றன. துணியைத் தாண்டும், தோலிலேயே நின்றுவிடும்.

இதெல்லாம் ஆய்வகக் கதை. மருத்துவமனையில் நிஜமாகப் பயன்படுகிற ரேடார் ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் படம் எடுக்க இல்லை, வழிகாட்ட. மேமோகிராமில் தெரிந்து கையில் தட்டுப்படாத சிறு கட்டியை அறுவை மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பழைய வழி, அறுவைக்குச் சற்று முன் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டிவரை செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, நோயாளியை அப்படியே அறுவை அறைக்கு அனுப்புவது. நினைத்தாலே சங்கடம்.

'ஸ்கவுட்' என்ற கருவியில் கம்பிக்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பிரதிபலிப்பான். அதை அறுவைக்கு நாள்கணக்கில் முன்பே ஊசிவழி வைத்துவிடலாம். அதில் பேட்டரி கிடையாது, கதிரியக்கமும் கிடையாது. அறுவை மேசையில் மருத்துவர் பேனா மாதிரியான கருவியைத் தோல்மேல் வைத்தால், அது அகச்சிவப்பு ஒளியையும் ரேடார் துடிப்பையும் அனுப்பும். ஒளி பட்டதும் பிரதிபலிப்பான் மினுக்கிக் காட்ட, ரேடார் அந்த மினுக்கலை மட்டும் பிரித்தெடுத்துத் தூரத்தைச் சொல்லும். நெருங்க நெருங்கப் பீப் ஒலி வேகமாகும். கட்டிதான் தண்ணீரா, சுரப்பிதான் தண்ணீரா என்கிற முடிச்சே இங்கே இல்லை, ஏனென்றால் தேடப்படுவது நாமே வைத்த பொருள். ரேடார் மருத்துவத்தில் முதலில் ஜெயித்தது இந்த எளிய வேலையில் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

"கதிர்வீச்சு இல்லாத மார்பகப் பரிசோதனை" என்று விளம்பரம் பார்த்தேன். அது இதுதானா?

பெரும்பாலும் இல்லை. அப்படி விற்கப்படுவது அநேகமாகத் தெர்மோகிராபி, அதாவது தோலின் வெப்பத்தைக் கேமராவில் படம் பிடிப்பது. அது எந்த அலையையும் உள்ளே அனுப்புவதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை மேமோகிராமுக்கு மாற்றாக நம்ப வேண்டாம் என்று ஒருமுறைக்கு மேல் எச்சரித்திருக்கிறது.

நிஜமான ரேடார் கருவியே ஆனாலும் கேட்க வேண்டியது இரண்டு. இது ஆய்வுத் திட்டத்தின் பகுதியா, அப்படியானால் ஒப்புதல் படிவம் எங்கே? இதோடு சேர்த்து வழக்கமான பரிசோதனையும் செய்வீர்களா? ஒழுங்கான ஆய்வுக்குழு இரண்டாவது கேள்விக்கு யோசிக்காமல் "கட்டாயம்" என்று சொல்லும், ஏனென்றால் தங்கள் படம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கே அது வேண்டும். ஐரோப்பாவின் சி.இ. முத்திரையைக் காட்டினால், அதன் பொருள் கருவியை அங்கே விற்கலாம் என்பதுதான். மேமோகிராமை விட்டுவிடலாம் என்பதல்ல.

மார்பகத்தைத் தொட்டால் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ரேடார் வரும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் பயாப்சி (ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது). தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை, ஆனால் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்ப்பது பயாப்சி ஊசிதான். ரேடாரே இருந்தாலும், அது ஒரு திட்டைக் காட்டிய பிறகு அடுத்து வருவது அதே ஊசிதான்.